கனடாக் கடற்கரையில் ஓர் இருமல்

அன்புள்ள கதிர்,

யாரும் நம்பப்போகாத ஒரு கதையை இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன் என்று வீராம்பட்டினத்து அம்மன் மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். நீ நம்ப மாட்டாய். உன் அம்மா நிச்சயம் நம்ப மாட்டாள். நான் மணி என்ன என்று சொன்னால்கூட எட்டிக் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறவள் அவள். ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். போன வாரம் ரயிலடியில் ஒரு கையில் பெட்டியும் இன்னொரு கையில் புதுப் பெண்டாட்டியுமாக நின்றுகொண்டு நீ ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்ப்பா, நீயும் மாமாவும் ஒருத்தர ஒருத்தர் பார்க்கும்போதெல்லாம் எதுக்கு இருமிக்கறீங்க? நான் தாலி கட்டும்போதுகூட ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இருமினீங்க. டாக்டர்கிட்ட போய் காட்டுங்களேன்." நான் "எழுதறேன் போ" என்றேன். பக்கத்தில் நின்ற தேன்மொழி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குத் தெரியும். அவள் அப்பாவுக்குத் தெரியும். உன் அம்மாவுக்குத் தெரியும். நெல்லித்தோப்பில் இப்போது பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் மாப்பிள்ளையாகிய நீதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீ சினிமாவுக்குச் சத்தம் பிடிக்கப் பஞ்சாபில் இருக்கிற மொஹாலிக்குக் கிளம்பிய அன்று நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இருக்கிறது, இருந்துகொண்டே இருக்கிறது. "இன்ஜினீயரிங் படிச்சது கோதுமை வயல்ல மைக்கைத் தூக்கிட்டு நின்னு எருமை கத்தறதப் புடிக்கறதுக்கா?" என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டே, "எருமை மட்டும் இல்லப்பா, டிராக்டரும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாய். நல்ல பதில். அப்போது சிரித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. நான் சிரிக்கவில்லை. சினிமா என்றால் கோடம்பாக்கம் இருக்கிறது, மும்பை இருக்கிறது. பஞ்சாபிப் படத்தை யார் பார்ப்பார்கள், எடுத்தவரும் எடுத்தவர் மாமியாரும் பார்ப்பார்கள் என்று அப்போது நான் மனதாரக் கருதினேன். அறியாமையில் நான் சக்கரவர்த்தி. ஆறு தேசங்களைக் கப்பம் கட்டச் சொல்லலாம், அவ்வளவு அறியாமை என்னிடம் இருந்தது.

நீ போன மறுவாரம் மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் நிற்கிறேன். கடைக்காரர் கேட்டார்: "இன்னா, பையனக் காணோம்?" நான், "வெளில இருக்கான்" என்றேன். "பிரான்ஸா?" என்றார். நீயே யோசித்துப் பார். வேறு எந்த ஊரிலும் வெளியே என்றால் எட்டுத் திசை உண்டு. சென்னையா, பெங்களூரா, துபாயா என்று கேட்பார்கள். பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன நம் ஊரில் வெளியே என்பது ஒரே திசை. தெருவுக்கு நாலு வீட்டில் ஆள் பாரிஸில் இருக்கிறான், மீதி வீடுகளில் பாரிஸிலிருந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்கிறார்கள். கடைக்காரர் கேட்டபோது என் வாய் நிறைய டீ இருந்தது. வாய் நிறைய டீயை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி மறுக்க முடியும்? விழுங்கி முடித்துத் தலையை நிமிர்த்துவதற்குள் அவர் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். ஆகவே நான் பொய் சொல்லவில்லை, டீதான் குடித்தேன். கோர்ட்டில் ஏற்றினாலும் இதையேதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு சொன்னவை பொய்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். நீ உன் அம்மாவுக்குப் பூ வேலை போட்ட புல்காரித் துப்பட்டா அனுப்பினாயே, அதைப் பாரிஸில் இந்த வருஷப் புது மோஸ்தர் என்று சொன்னேன். எதிர்வீட்டுக்காரி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிரெஞ்சுக்காரனுக்கு இருக்கிற ரசனை வேறு எவனுக்கு வரும் என்று பெருமூச்சு விட்டாள். நீ போனில் யாரிடமோ "ஹாஞ்சி, ஹாஞ்சி" என்று பேசியதை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு மாடிவீட்டுக்காரர், "பேசறது பிரெஞ்சா?" என்றார். "தெற்கு பிரெஞ்சு" என்றேன். நீ நெய்யும் கோதுமை மாவும் வெல்லமும் போட்டுப் பிடித்த உருண்டை அனுப்பினாய். அதற்குள் பாரிஸ் பேக்கரிக்காரர்கள் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற அளவுக்கு நான் தேறியிருந்தேன். உன் அம்மா ஒருநாள் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க ஒரு நாள் மாட்டிக்குவீங்க. அன்னைக்கு நான் உங்கள யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன்." தெருவில் எனக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனது. நான் நடந்தால் நாய்கள் எழுந்து நின்றன. அந்த உயரத்திலிருந்து இறங்க ஏணி எங்கேயும் கிடைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் உழவர்கரை ஏகாம்பரம், இன்றைக்கு உன் மாமா, தன் பெண் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். மனுஷன் அதிகம் பேச மாட்டார். பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டு, பெண் போட்டோவைக் காட்டிவிட்டு, "மாப்பிள்ளை பிரான்ஸ்ல இருக்கறதா சொன்னாங்க" என்றார். அப்போது என் வாயில் டீ இல்லை. உன் அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்க, அங்கதான்" என்றேன். கதிர், என் வாழ்நாளில் நான் சொன்ன ஆயிரம் பொய்களில் அது ஒன்றுதான் நாக்கில் புளித்தது. பெண்ணை உனக்குப் பிடித்துவிட்டது என்று நீ போனில் சொன்ன அன்று இன்னும் புளித்தது. நீ யாரையாவது பிடித்திருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தக் கல்யாணம் என் வாயால் நின்றுபோகப்போகிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் ஏகாம்பரம் மறுபடி வந்தார். "என் தம்பி பாரிஸ் பக்கத்துலதான் இருபது வருஷமா இருக்கான். ஒரு எட்டு போய் மாப்பிள்ளையப் பார்த்துட்டு வரட்டும். அட்ரஸ் குடுங்க சம்பந்தி" என்றார். நான் உள்ளே போனேன். அலமாரியில், எவனோ பிரான்ஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பிஸ்கட் டப்பா இருந்தது. உன் அம்மா அதில் ஊசி நூல் வைத்திருக்கிறாள். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு முகவரி இருந்தது. எழுத்து எழுத்தாகக் காப்பியடித்து, கடைசியில் உன் பெயரையும் மேலே எழுதி, ராஜாங்க ஓலையை நீட்டுவதுபோல நீட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பத்து நாள் அவரிடமிருந்து பேச்சில்லை. அந்தப் பத்து நாளில் நான் பாதியாக இளைத்தேன். மிச்சப் பாதி பயத்தில் இளைத்தது. கண்ணாடியில் பார்த்தால் சட்டை மட்டும் தெரிந்தது. உனக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எடுப்பேன். நீ "ஷூட்டிங்ல இருக்கேம்ப்பா, ஆள் பேசக்கூடாது" என்பாய். வைத்துவிடுவேன்.

பதினோராம் நாள் ஏகாம்பரம் வந்தார். முகவரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஞாயித்துக்கிழமை சென்னைக்கு வரீங்களா? ஒரு படம் பார்க்கணும்" என்றார். என்ன படம் என்றேன். "பஞ்சாபிப் படம். ஒரே ஒரு ஷோதான் போடறாங்களாம்" என்றார். பெயரைச் சொன்னார். நீ போன வருஷம் முழுக்க அலைந்து வேலை பார்த்த படம். என் முதுகில் கிழக்குக் கடற்கரைச் சாலை நீளத்துக்கு வியர்வை ஓடியது. வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர், "உங்களுக்கு இந்த மாதிரி படம்லாம் புடிக்காதோ?" என்று கேட்டபடி என் முகத்தையே பார்த்தார். கிளம்பிவிட்டேன்.

தியேட்டரில் அதிகம் போனால் அறுபது பேர். எல்லாம் குடும்பம் குடும்பமாக வந்த தலைப்பாகைக்காரர்கள். என் பக்கத்து இருக்கையில் வெள்ளைத் துப்பட்டா போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இரண்டு வேட்டிக்காரர்கள் உள்ளே நுழைந்ததும் கதவு தவறி வந்துவிட்டோம் என்று நினைத்து ஒருவர் அடுத்த தியேட்டருக்குக் கைகாட்டினார். படம் ஆரம்பித்தது. கீழே இங்கிலீஷில் வசனம் ஓடியது. நான் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் படத்தில் கல்யாணம் முடிந்து குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. படிப்பதை விட்டுவிட்டுக் காதை மட்டும் கொடுத்தேன். அப்போதுதான் நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. அடிபம்பில் யாரோ தண்ணீர் அடித்தார்கள். படத்தில் அதற்கு ஒரு முக்கியமும் இல்லை, பின்னால் எங்கேயோ அடிக்கிறார்கள். பக்கத்து அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் பார்வையைப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ சொன்னாள். ஏகாம்பரம் அதை எனக்குச் சொன்னார்: "அவங்க வீட்டு பம்பு இப்படித்தான் கத்துமாம். ஊர வுட்டு வந்து முப்பது வருஷம் ஆச்சாம்." நீ அனுப்பிவைக்கிறது சத்தத்தை இல்லை போலிருக்கிறது, வீட்டு முகவரியை. பிஸ்கட் டப்பா முகவரி இல்லை, நிஜமானதை.

கதை உனக்குத் தெரியும். கிராமத்து அப்பன் ஒருவன், கனடாவில் தட்டு கழுவுகிற மகனைப் பெரிய ஆபீசர் என்று ஊர் முழுக்கச் சொல்கிறான். அந்தப் பக்கத்தில் வெளிநாட்டுக்கு ஆள் போன வீட்டில் மாடித் தண்ணீர்த் தொட்டியை விமானம் மாதிரியே கட்டுவார்களாமே, அவனும் கட்டுகிறான். மற்றவர்களைவிட ஒரு இறக்கை பெரிதாக. தியேட்டர் முழுக்கச் சிரித்தது. ஏகாம்பரம் தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு அந்தத் தொட்டியிலிருந்த தண்ணீர் முழுக்கத் தலையில் கொட்டியதுபோல இருந்தது. எங்கேயோ ஐந்து நதிகள் பாய்கிற தேசத்தில், எனக்குத் தெரியாத பாஷையில், என் வீட்டுக் கதையை என்னைக் கேட்காமல் எடுத்திருக்கிறார்கள். அவனுக்குக் கனடா, எனக்குப் பிரான்ஸ். அவனுக்குத் தொட்டி, எனக்கு டீ.

பிறகு அந்தக் காட்சி வந்தது. மகன் கனடாக் கடற்கரையில் தனியாக நின்று அப்பனுக்குப் போன் போடுகிறான். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்கிறான். திரையில் சாம்பல் நிறக் கடல். அலை வந்து மணலை உரசிவிட்டுப் போகிற அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். போன மாசிமகத்துக்கு நீ வந்தபோது, கனடாவில் எடுத்த சத்தம் முழுக்கக் காற்றாக இருக்கிறது, சுத்தமான கடல் வேண்டும் என்று விடிந்தும் விடியாமல் என்னை வீராம்பட்டினத்துக்குக் கூட்டிப்போனாயே, அந்தக் கடல். கீரிப்பிள்ளையைக் குச்சியில் கட்டின மாதிரி முடி முடியாக ஒரு மைக்கை நீட்டிக்கொண்டு, "அஞ்சு நிமிஷம் மூச்சு விடாம இருப்பா" என்றாய். நாலரை நிமிஷம் இருந்தேன். அதற்குள் கடற்கரையே நடுங்குகிற மாதிரி ஓர் இருமல். வலையில் இருந்த மீன்கள் தாமாகப் படகுக்குள் குதித்ததைப் பார்த்தேன், கட்டுமரத்தில் இருந்தவர் அம்மனைக் கும்பிட்டார். நீ மட்டும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "பரவால்லப்பா, வெட்டிடுவேன்" என்றாய். இங்கே தியேட்டரில், அந்தப் பையன் போனை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தபடி நிற்கிறான். யாரும் இல்லாத கரை. எங்கேயோ தூரத்தில், யாரோ ஒரு வயசானவர் நடந்து போகிற மாதிரி, ஓர் இருமல் கேட்கிறது. பையன் சட்டென்று திரும்பிப் பார்க்கிறான். அவன் அப்பன் இல்லை. யாருமே இல்லை.

நாலு வருஷமாக வாயைக் கட்டி வைத்திருந்தவன் நான். எத்தனை பொய், எத்தனை ஜாக்கிரதை. அத்தனையும் அந்த ஒரு நொடியில் போனது. எழுந்து நின்று, "அது என் இருமல்" என்று சொல்லிவிட்டேன். தமிழில்தான் சொன்னேன், ஆனால் தியேட்டரே திரும்பிப் பார்த்தது. "சம்பந்தி, அது என் இருமல். வீராம்பட்டினத்துல இருமினது. என் பையன் புடிச்ச சத்தம். அவன் பிரான்ஸ்ல இல்ல, மொஹாலில இருக்கான், இந்தப் படத்துலதான் வேலை பார்த்தான்" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கொட்டிய பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே உறைத்தது. உட்கார்ந்தேன். உன் கல்யாணம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஏகாம்பரம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தெரியும். உக்காருங்க, படம் ஓடுது."

இடைவேளையில் பேசினார். நீ தேன்மொழியிடம் முதல் போனிலேயே மொஹாலியையும் சத்தம் பிடிக்கிற வேலையையும் சொல்லிவிட்டாயாமே. அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். "அப்பறம் எதுக்குய்யா அட்ரஸ் கேட்டீங்க?" என்றேன். "நீங்க எவ்ளோ தூரம் போவீங்கன்னு பார்க்கத்தான். தம்பி நெஜமாவே போய்ப் பார்த்தான். பூட்டிக் கெடக்கற பிஸ்கட் கம்பெனியாம். மாப்பிள்ளை மாவு பிசையறாரான்னு கேக்கறான்" என்றார். பிறகு பாப்கார்னை என் பக்கம் நகர்த்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பையன் நெஜத்தச் சொல்லிட்டான், அவன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பெத்த புள்ளையோட வேலையச் சொல்ல வெக்கப்படற வூட்ல என் பொண்ணு போய் எப்படி இருப்பான்னுதான் ரோசனை. இன்னைக்குப் படம் முடிஞ்சும் நீங்க வாயத் தொறக்கலன்னா வேற எடம் பார்த்திருப்பேன்." பார்த்தாயா கதிர். என் பொய்யால் கெட இருந்த கல்யாணத்தை என் தற்பெருமை காப்பாற்றியது. இரண்டு கெட்ட குணத்தை ஒன்றோடொன்று மோதவிட்டால் சில நேரம் நல்லது நடக்கும் என்பதுதான் உனக்கு நான் தருகிற முதல் புத்திமதி. இதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளாதே.

படம் முடிந்ததும் யாரும் எழவில்லை. ஏகாம்பரம் பக்கத்து அம்மாளிடம் என் பையன்தான் சத்தம் பிடித்தது என்று சொல்லிவைத்திருந்தார். எழுத்துகள் மேலே போய்க்கொண்டே இருந்தன. கடைசியில், விளக்குப் போட்ட பிறகு, உன் பெயர் வந்தது. அறுபது பேரும் கைதட்டினார்கள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மவுண்ட் ரோடு முழுக்க ஊர்வலம் போனார்கள், மூன்று தலைப்பாகைகள் என் தலைக்கு மாறி மாறி வந்தன, கவர்னர் மாளிகையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் பேரன் கனடாவில் பிறந்தவன், வீட்டில் பஞ்சாபி பேசவே மாட்டான், இந்த மாதிரிப் படங்கள் பார்த்துத்தான் பாட்டியோடு சண்டை போடுகிற அளவுக்குப் பேசக் கற்றான் என்றாள். யார் பார்ப்பார்கள் என்று கேட்டேனே, இவர்கள்தான். ஊரை விட்டுப் போனவர்கள் பார்க்கிறார்கள், போனவர்களைப் பெற்றவர்கள் பார்க்கிறார்கள். வருஷத்துக்கு நாலைந்து பஞ்சாபிப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இன்றைக்கு ஒரே வெள்ளிக்கிழமையில் கனடாவிலும் இங்கிலாந்திலும் சென்னையிலும் திரை விரிக்கிறார்கள் என்று நீ சொன்னபோது நான் கொட்டாவி விட்டிருக்கிறேன். திரும்பி வரும்போது வழியில் சாப்பிட்டோம். ஜாதகம் வந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இட்லி இட்லி மாதிரி ருசித்தது. எட்டு தின்றேன். எண்பது என்று ஏகாம்பரம் சொன்னால் அதையும் மறுக்க மாட்டேன். பிரியும்போது அவர் வணக்கம் சொல்லவில்லை, இருமினார்; நானும் பதிலுக்கு இருமினேன், இன்றைக்கு வரைக்கும் அதுதான் எங்கள் வணக்கம்.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனேன். டீ வாங்குவதற்கு முன்பே, வாய் காலியாக இருக்கும்போதே, "என் பையன் பஞ்சாபிப் படத்துல சத்தம் புடிக்கற வேலை பார்க்கறான், மொஹாலில" என்றேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "அந்த டோல் அடிச்சு ஆடுவாங்களே, அதா? என் பொண்ணு ரிசப்ஷனுக்கு அதான் போட்டோம். முன்னயே சொல்றதுக்கு இன்னா" என்றார். அவ்வளவுதான். நாலு வருஷம் நான் தூக்கிச் சுமந்த மலையை அவர் டீ ஆற்றுகிற நேரத்தில் இறக்கி வைத்துவிட்டார். எதிர்வீட்டுக்காரி மட்டும் இன்னும் அந்தத் துப்பட்டாவைப் பாரிஸ் என்றுதான் சொல்கிறாள். அவளைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

உனக்குப் புத்திமதி சொல்ல நான் யார்? ஆனாலும் அப்பன். தேன்மொழியிடம் முதல் போனில் சொன்ன மாதிரியே கடைசி வரை சொல். அவள் அந்த ஊரில் பாஷை தெரியாமல் நிற்கும்போது மொழிபெயர்ப்பதற்கு ஓடாதே, கொஞ்ச நேரம் காதைக் கொடுக்கட்டும், எனக்கு அப்படித்தான் புரிந்தது. ஏகாம்பரம் இருமினால் பதிலுக்கு இருமு. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது யாரும் கேள்விப்படாத வேலைக்குக் கிளம்பினால், செருப்பு மாட்டிக்கொண்டு அது சொல்கிற பதிலுக்குச் சிரித்துவிடு.

இந்தக் கடிதத்தில் எதையும் நம்பாதே. மீன் குதிக்கவில்லை, நான் பாதியாக இளைக்கவில்லை, உன் அம்மாவைக் கேள். ஊர்வலம் கிடையாது, லிப்ட் வரைக்கும் கூட வந்தார்கள். அந்த இருமலை நீ ஏன் வெட்டவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை, நீயும் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அன்றைக்கு வீராம்பட்டினத்தில் எனக்கு இருமல் வரவே இல்லை. இரண்டு நாளில் நீ கிளம்புகிறாய், சத்தம் பிடிக்கிற அந்தப் பெட்டிக்குள் கடல் போகிறது, காக்கா போகிறது, எவனோ ஒருவன் படகைத் தள்ளுகிற சத்தம்கூடப் போகிறது, நம்முடையதும் ஒன்று போகட்டும் என்று நானாகத்தான் இருமினேன்.

அப்பா